கை மாறும் சிறு கார்

1983-ஆம் ஆண்டின் இறுதியில் மாருதி 800 இந்நாட்டுச் சாலைகளுக்கு வந்து சேர்ந்தபோது, கார் என்பது மிராசுதாரர்களுக்கும் வைத்தியர்களுக்கும் பெரிய உத்தியோகஸ்தர்களுக்குமே வாய்க்கும் சம்பத்து என்று எண்ணிப் பழகியிருந்த மத்தியதரக் குடும்பங்களின் மனத்தில் ஓர் ஆசை துளிர்த்தது. 1998-இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் சான்ட்ரோ தயாராகத் தொடங்கியதும், அதன் பின்னாலேயே வேகன் ஆர், ஆல்டோ, ஸ்விஃப்ட், ஐ10 என்று சிறு கார்கள் வரிசையாக வந்ததும் அந்த ஆசைக்கு உரமாயின. ஆயினும் புதுக் காரின் சாவியை வாங்கிக்கொள்ள வசதியில்லாத அநேகம் பேர், இன்னொரு குடும்பம் ஆறேழு ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்ற காரைத்தான், ஊருக்கு ஊர் உள்ள ஆட்டோ கன்சல்டிங் கடைகளிலோ, தெரிந்தவர் மூலமாகவோ வாங்கித் தங்கள் முதல் வாகனமாக வீட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்காக அவர்கள் எண்ணிக் கொடுக்கும் இரண்டு மூன்று லட்ச ரூபாய் பெரும்பாலும் சீட்டுப் பணமாகவோ, பி.எஃப். கணக்கிலிருந்து எடுத்ததாகவோ, நகையை அடகு வைத்துப் பெற்றதாகவோ இருக்கிறது. ஆகையால் அந்தப் பணத்துக்குப் பங்கம் வராமல் காரைப் பரிசோதிக்கும் வகையைச் சற்று விஸ்தாரமாகவே சொல்லத் தோன்றுகிறது.

பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் இந்த ஹேட்ச்பேக் வகைச் சிறு காருக்குத் தனியான ஒரு ஜீவிதம் உண்டு. அதில் தோன்றும் கோளாறுகளெல்லாம் அந்த ஜீவிதத்தின் அடையாளங்களே. வீட்டில் மூத்த மகனும் மருமகளும் கார் ஓட்டக் கற்றுக்கொள்வது இதில்தான். ஆகவே கிளட்சும் இரண்டாவது கியரும் முதலில் தேய்கின்றன. பள்ளிக்கூடம், காய்கறிக் கடை, ரயிலடி என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்த் திரும்புவதே அதன் நித்திய காரியமாகையால், இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்கு முன்பே நிறுத்தப்பட்டு, ஆயிலில் கசடு சேர்கிறது. பாட்டரியும் முழுமையாகச் சார்ஜ் ஏறுவதில்லை. ஆனால் அதே கார், விடுமுறை வந்ததும் ஐந்து பேரையும் அவர்களுடைய மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு, ஏ.சி.யும் ஓட, கொடைக்கானல் மலையேறியாக வேண்டும். சிறிய இன்ஜினுக்கு இது லேசான காரியமன்று. ஒரு காரைப் பார்க்கப் போகிறவர் இந்தப் பூர்வ சரித்திரத்தை மனத்தில் வைத்துக்கொண்டு போவாரானால், எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்குத் தானாகவே புலப்படும்.

இன்னொரு பேதத்தையும் முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தேய்ந்த கிளட்ச், பழைய டயர், சத்தம் போடும் ஷாக் அப்சார்பர் ஆகியவை பாகத்தை மாற்றினால் தீர்ந்துபோகும் தோஷங்கள். அவற்றுக்கு ஒரு கிரயம் உண்டு. அந்தக் கிரயத்தை விலையில் கழித்துக்கொண்டு காரைத் தாராளமாக வாங்கலாம். விபத்தில் முறுக்கிக்கொண்ட கூடு, வெள்ளத்தில் மூழ்கி எழுந்த மின்கம்பிகள், தரையை அரித்துவிட்ட துரு, கடன் தீராத ஆர்.சி. என்னும் பதிவுச் சான்று ஆகிய நான்கும் எவ்வளவு செலவு செய்தாலும் முழுக்க நீங்காத தோஷங்கள். அவை உள்ள காரை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவதே விவேகம். வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் இதற்கு நேர்மாறாகவே நடந்துகொள்கிறார்கள். இன்ஜின் சத்தத்தைக் கேட்டுப் பயப்படுகிறார்கள். பளபளக்கும் பெயின்ட்டைக் கண்டு திருப்தியடைந்துவிடுகிறார்கள்.

எனவே பரிசோதனையைச் சரீரத்திலிருந்து தொடங்குவது உத்தமம். லாரிக்கு இருப்பதுபோல் அடியில் தனிச் சட்டம் சிறு காருக்குக் கிடையாது. தகடுகளை மடித்து, ஆயிரக்கணக்கான புள்ளிகளில் வெல்டிங் செய்து இணைத்த கூடுதான் அதற்கு எலும்பும் தசையும். முன்பக்கம் மோதினால் உட்பக்கத்து ஏப்ரன் மடங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பக்கவாட்டில் இடித்தால் கதவுகளுக்கிடையே நிற்கும் பில்லர் தாங்கும். ஒருமுறை மடங்கி, டிங்கரிங் பட்டறையில் சுத்தியலால் தட்டி நேராக்கப்பட்ட தகடு, பார்வைக்குப் பழைய வடிவத்தை அடைந்தாலும், பழைய பலத்தை அடைவதில்லை.

மதுரையில் ஒரு மெக்கானிக்கின் பட்டறையில், நண்பர் ஒருவரின் மகன் வாங்க நினைத்திருந்த வெள்ளை நிற வேகன் ஆர் ஒன்றைச் சோதித்தபோது நானும் உடனிருந்தேன். மெக்கானிக் பானெட்டைத் திறக்கவேயில்லை. இடப்பக்கத்துப் பின்கதவைத் திறந்து, கதவு வந்து பொருந்தும் விளிம்பில் ஓடும் கறுப்பு ரப்பர் பீடிங்கை இரண்டு விரலால் பற்றி உருவினார். அடியில் இருந்த தகட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் போய் அதே இடத்தில் பீடிங்கை உருவி, எங்களை அழைத்துக் காட்டினார். அங்கே மிளகு அகலத்துக்குச் சிறு சிறு வட்டப் பள்ளங்கள் ஒரே சீராக மேலிருந்து கீழ்வரை இறங்கின.

“தம்பி, இந்தப் பள்ளமெல்லாம் கம்பெனியில மெஷின் வச்ச வெல்டிங். ஒரே அளவு, ஒரே இடைவெளி. இப்ப அந்தப் பக்கம் போய்த் தடவிப் பாருங்க, ஒண்ணுகூட இருக்காது. பட்டி போட்டு இழைச்சிருக்காங்க.”

“ஆனா வண்டி நேராத்தானே ஓடுது, அண்ணே?”

“ஓடும், தம்பி. இன்னொரு தடவை யாராவது அந்தப் பக்கம் இடிச்சா பில்லர் தாங்காது. பின்னாடி பிள்ளைங்கதானே உட்காரும்?”

அந்தப் பையன் மறுவார்த்தை பேசவில்லை. நாலு நாள் முன்பே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்திருந்ததைத் திரும்ப வாங்குவதற்கு அவன் பட்ட பாடு வேறு கதை.

பீடிங்கை உருவிப் பார்க்க விற்பவர் சம்மதிக்க மாட்டார் என்று தயங்க வேண்டியதில்லை. அது ஒரு நிமிஷத்தில் மறுபடி பொருந்திவிடும், காருக்கு எந்தச் சேதமும் இல்லை. இவ்வாறே பானெட்டின் கீல்களிலும் முன்சக்கரத்தின் மேலுள்ள ஃபெண்டரிலும் இருக்கும் போல்ட்டுகளின் தலையைக் கவனிக்க வேண்டும். அவற்றின்மேல் பெயின்ட் உடையாமல் இருந்தால் அந்தப் பாகம் கழற்றப்படவில்லை என்று அர்த்தம். விளிம்பில் ஸ்பேனர் பட்ட காயம் தெரிந்தால், ஏன் கழற்றினார்கள் என்று கேட்க வேண்டும். சிறிய காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்று கதவுகளிலும் கூரையிலும் வைத்துப் பார்த்தால், பட்டி கனமாகப் பூசிய இடத்தில் அது ஒட்டாமல் நழுவும். பம்பர் பிளாஸ்டிக் ஆகையால் அங்கே காந்தத்துக்கு வேலையில்லை. தவிரவும், நகரத்தில் ஓடிய காரின் பம்பரில் உரசல் இருப்பதும் அதற்கு மறுபடி பெயின்ட் அடித்திருப்பதும் சகஜம், அதை ஒரு குற்றமாகக் கொள்ளலாகாது. கண்ணாடிகளின் மூலையில் பொறித்திருக்கும் தயாரிப்பாளரின் முத்திரையைப் பார்த்து, ஒன்று மட்டும் வேறாக இருந்தால், அந்தக் கண்ணாடி எப்போது எதனால் உடைந்தது என்று விசாரிக்கலாம்.

துருவைப் பற்றிக் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெசன்ட் நகரிலோ தூத்துக்குடியிலோ நாகப்பட்டினத்திலோ வீட்டு வாசலில் வருஷக்கணக்காக நின்ற காரை உப்புக் காற்று உள்ளிருந்தே தின்னும். மேலே தெரியும் ஒரு பொட்டுத் துருவுக்குக் கவலைப்படுவதைவிட, கால்மிதியை எடுத்துவிட்டுத் தரைவிரிப்பின் கீழும், டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் பள்ளத்திலும், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் ரன்னிங் போர்டின் அடியிலும், முன் சஸ்பென்ஷன் வந்து மேலே பொருந்தும் குமிழின் சுற்றிலும் பார்ப்பது அவசியம். பெருவிரலால் அழுத்தினால் தகடு அமுங்குமானால் அந்தக் கார் முடிந்தது.

அடுத்தது வெள்ளம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் அடையாறு கரைபுரண்டபோது சென்னையில் எத்தனையோ கார்கள் கூரைவரை மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும், அதே மாதத்தில் பெய்த பெருமழையில் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலும் இந்தத் துயரம் மீண்டும் நேர்ந்தது. மூழ்கிய காரைச் சரிசெய்ய ஆகும் செலவு அதன் மதிப்பை நெருங்கும்போது, இன்ஷூரன்ஸ் நிறுவனம் உரிமையாளருக்குத் தொகையைக் கொடுத்துவிட்டுக் காரை ஏலத்தில் விற்பது வழக்கம். அப்படி ஏலம் போன கார் கழுவி உலர்த்தப்பட்டு, புது சீட் கவர் போட்டுக்கொண்டு, வெள்ளத்தையே காணாத வேறொரு ஊரில் வந்து நிற்பதற்குத் தடை ஒன்றுமில்லை.

நீர் புகுந்த காரில் மூன்று விதமான கேடுகள் நிகழ்கின்றன. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கையில் காற்றுக் குழாய் வழியே தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், நீரைக் காற்றைப்போல் அமுக்க முடியாதாகையால், பிஸ்டன் மேலேறும்போது கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதைச் சீராக்குவது மெக்கானிக்குக் கைவந்த வேலை. இன்ஜினைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். இரண்டாவது, கியர் பாக்ஸிலும் சக்கர பேரிங்குகளிலும் சேறு போவது. அதுவும் சரிசெய்யக் கூடியதே. மூன்றாவதாகிய மின்சார விஷயந்தான் கொடியது. கம்பிகள் ஒன்றோடொன்று இணையும் நூற்றுக்கணக்கான இணைப்புகளில் ஈரம் தங்கி, செம்பு பச்சை பூத்து, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து ஒருநாள் ஹெட்லைட் அணையும், மறுநாள் பவர் ஸ்டீயரிங் நிற்கும். விபத்து நேரும்போது விரிய வேண்டிய ஏர்பேக் விரியாமலே போகவும் கூடும். இது இன்ன இடத்தில் உள்ள கோளாறு என்று எந்த மெக்கானிக்காலும் சொல்ல இயலாது.

இதைக் கண்டுபிடிக்கும் உபாயம் சுலபமானது. சீட் பெல்ட்டை, வழக்கமாக இழுக்கும் அளவோடு நிறுத்தாமல், உருளையிலிருந்து கடைசிவரை இழுத்துப் பார்க்க வேண்டும். காரைக் கழுவுகிறவர்கள் அவ்வளவு தூரம் இழுத்துக் கழுவுவதில்லையாதலால், சுருளின் அடிப்பகுதியில் சேற்றின் கோடு பழுப்பாகத் தங்கியிருக்கும். சீட்டைத் தரையோடு பிணைக்கும் தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா, ஃபியூஸ் பெட்டியின் இடுக்குகளில் மண் படிந்திருக்கிறதா, ஹெட்லைட்டின் உட்புறம் நீர்க்கோடு தெரிகிறதா என்று பார்க்கலாம். கண்ணாடிகளை எல்லாம் ஏற்றிவிட்டுக் காருக்குள் ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்தால், வாசனைத் திரவியத்துக்கும் அடங்காத முடைநாற்றம் மூக்குக்கு எட்டும். காருக்குள் வாசனை மிக அதிகமாக இருந்தாலே எனக்குச் சம்சயம் உண்டாகிறது.

இவ்வளவும் திருப்தியாக இருந்தால் இன்ஜினுக்கு வரலாம். காரைப் பார்க்க வரும் நேரத்தைச் சொல்லும்போதே, வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்வது நலம். போனதும் ரேடியேட்டரின் மேல்குழாயைத் தொட்டுப் பார்க்க வேண்டும். அது சூடாக இருந்தால் காரை உங்களுக்காகத் தயார்செய்து வைத்திருக்கிறார்கள். தேய்ந்த இன்ஜின் தன் உண்மைச் சுபாவத்தைக் குளிர்ந்த நிலையில் முதல் அரை நிமிஷத்தில்தான் வெளிப்படுத்துகிறது; சூடேறி, ஆயில் எங்கும் பரவிய பிறகு நல்ல இன்ஜினுக்கும் கெட்ட இன்ஜினுக்கும் உள்ள வித்தியாசம் சாதாரணச் செவிக்குப் புலப்படாது. ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை ஸ்டார்ட் நிலைக்கு முந்தைய ‘ஆன்’ படிவரை மட்டும் திருப்பி நிறுத்தினால், இன்ஜின் விளக்கு, ஆயில் விளக்கு, ஏர்பேக் உள்ள காராயின் அதன் விளக்கு எல்லாம் எரிய வேண்டும். இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு அவை அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்கு, எரிந்துகொண்டேயிருக்கும் விளக்கைவிட அபாயகரமானது. கோளாற்றைச் சரிசெய்யாமல் விளக்கைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அதற்கு அர்த்தமாகலாம்.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் ஒருவரைப் பின்னால் நின்று சைலன்சரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். காலை நேரத்தில் முதலில் வரும் வெண்மையான ஆவியும் சொட்டுச் சொட்டாக நீரும் தீங்கற்றவை. நீல நிறப் புகை ஆயில் எரிவதைக் காட்டுகிறது: ஸ்டார்ட் செய்தவுடன் ஒரு கொத்து வந்து மறைந்தால் வால்வு சீல் தேய்ந்தது, ஆக்சிலரேட்டரை மிதிக்குந்தோறும் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்தது. முன்னது சின்னச் செலவு, பின்னது பெரிய செலவு. கறும்புகை பெட்ரோல் அளவுக்கு மீறிச் செல்வதால் வருவது. பெரும்பாலும் ஒரு சென்சாரோடு போய்விடும். ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெல்லத் திருகித் தூக்கினால், பெட்ரோல் இன்ஜினில் லேசான மூச்சுதான் வர வேண்டும். புகையும் காற்றும் குமுறிக்கொண்டு வந்தால் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. மூடியின் உட்புறத்தில் பால் கலந்த காபியின் நிறத்தில் நுரை படிந்திருப்பது, ஆயிலில் தண்ணீர் கலந்ததன் அடையாளம். ஆனால் சிறு தூரங்களே ஓடிய காரில் மழைக்காலத்தில் மூடியில் மட்டும் கொஞ்சம் நுரை படிவதுண்டாதலால், டிப்ஸ்டிக்கையும் உருவிப் பார்த்து, அதிலும் நுரை இருந்தாலொழிய ஹெட் கேஸ்கெட் போய்விட்டதென்று முடிவுகட்டக் கூடாது.

ரேடியேட்டரைப் பற்றி விசேஷமாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் நம் ஊர்ச் சிறு கார்களின் இன்ஜின்கள் அகால மரணமடைவதற்கு அடுத்த வீட்டு ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரைவிடப் பெரிய காரணம் வேறில்லை என்பது என் அபிப்பிராயம். கூலன்ட் என்னும் திரவம் கொதிநிலையை உயர்த்துவதோடு உள்ளே துரு ஏறாமலும் காப்பது. அது குறைந்ததும், விலை கொடுத்து வாங்கச் சோம்பி, ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி மூடுகிறவர்கள் அநேகர். அந்தத் தண்ணீரிலுள்ள உப்பு, ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ள, இன்ஜின் மெல்ல மெல்லச் சூடு மிகுந்து, ஒரு கோடையில் அலுமினிய ஹெட் வளைந்துபோகிறது. ஆகவே இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே மூடியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். சூடான பின் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். பச்சையோ சிவப்போ நீலமோ தெளிந்த நிறத்தில் இருந்தால் நல்லது. செம்மண் கரைத்தாற்போல் இருந்தாலோ, மேலே எண்ணெய் மிதந்தாலோ, ஓடும்போது குமிழ்கள் தொடர்ந்து எழுந்தாலோ அந்த இன்ஜினுக்குச் சிகிச்சை தேவை. பிறகு, ஏ.சி.யைப் போட்டுவிட்டுக் கால்மணி நேரம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, ரேடியேட்டர் விசிறி தானாகச் சுழன்று தானாக நிற்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

அந்தக் கால்மணி நேரம் ஏ.சி.யின் பரீட்சையுமாகும். குளிர்ச்சி குன்றினால், டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில் ஓட்டையாகியிருக்கலாம்; அப்படியானால், காயிலின் விலையோடு டாஷ்போர்டைக் கழற்றி மாட்டும் கூலியும் சேர்ந்துகொள்ளும். “கேஸ் மட்டும் ஏத்தினாப் போதும் சார்” என்று விற்பவர் சொன்னால், கேஸ் எங்கே போயிற்று என்று கேட்பது நியாயம்.

கிளட்சைச் சோதிக்கப் பழைய வழி ஒன்றுண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியரில் போட்டு, லேசாக ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கிளட்சை விட்டால், இன்ஜின் திணறி உடனே அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டேயிருந்தால் பிளேட் தேய்ந்து வழுக்குகிறது. இதை ஒரு தடவைக்குமேல் செய்வது காருக்கு நல்லதன்று. பிறகு ஓட்டிப் பார்க்கையில் மூன்றிலிருந்து இரண்டுக்குச் சற்று விரைவாக இறக்கினால், கியர் முணுமுணுக்காமல் விழ வேண்டும். 2014-இல் செலேரியோவோடு அறிமுகமான, கிளட்ச் பெடல் இல்லாத ஏ.எம்.டி. வகைக் கார்களாயின், நெரிசலில் ஊர்ந்து செல்வதுபோல் ஊர்ந்து பார்த்து, உதறல் இருக்கிறதா என்று கவனிப்பதும், சரிவான இடத்தில் நிறுத்தி எடுத்துப் பார்ப்பதும் அவசியம்.

ஓட்டும்போது பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னல்களை இறக்கிவிட வேண்டும். வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது கேட்கும் சத்தங்கள் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு முதலியவற்றின் தேய்மானத்தைச் சொல்லும். அவை பெரும்பாலும் சிறு செலவுகளே. காலியான இடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்க ஒரு பக்கம் ஒடித்து வட்டமிட்டால் ‘டக் டக்’ என்று வரும் ஓசை, முன்சக்கரங்களுக்குச் சக்தியைக் கொண்டுசெல்லும் ஆக்ஸிலின் மூட்டு தேய்ந்ததனால் வருவது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் வயது முதிர்ந்த டயரின் ரப்பர் இறுகி வெடித்திருக்கும். நான்கு டயர்களில் ஒன்று மட்டும் உள்விளிம்பில் வழுக்கையாகியிருந்தால், அலைன்மென்ட் என்று சமாதானம் சொல்வார்கள். அலைன்மென்ட் செய்தும் தீராவிட்டால் கூடு கோணியிருக்கிறது. அந்தச் சக்கரத்தின் பக்கம் மறுபடியும் பீடிங்கை உருவிப் பார்க்க வேண்டியதுதான்.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரை நம்பி விலை பேசுவது பெரும்பிழை. டிஜிட்டல் மீட்டரில் எண்ணைக் குறைப்பது தொழில் தெரிந்தவனுக்குச் சில நிமிஷ வேலை. குடும்பக் கார் ஆண்டுக்குச் சுமார் 10,000 கிலோமீட்டர் ஓடும் என்பது தோராயமான கணக்கு; பத்து வயதான கார் 35,000 மட்டுமே காட்டினால், மற்றச் சாட்சியங்களைக் கேட்க வேண்டும். பிரேக் பெடலின் ரப்பரில் வரிகள் அழிந்து வழவழப்பாகியிருக்கின்றனவா, டிரைவர் சீட்டின் வலப்புற விளிம்பு அமுங்கியிருக்கிறதா, ஸ்டீயரிங்கின் மேல்தோல் பளபளக்கிறதா என்பனவெல்லாம் பொய் சொல்லாத சாட்சிகள். உரிமையாளரின் சம்மதத்தோடு கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் விசாரித்தால், ஒவ்வொரு சர்வீஸின்போதும் குறித்துவைத்த கிலோமீட்டர் கிடைக்கும்.

பலர் கவனிக்காமல் விடும் இன்னொரு சாட்சி இன்ஷூரன்ஸ் பாலிசி. இழப்பீடு கேட்காத ஒவ்வொரு வருஷத்துக்கும் ஏறிக்கொண்டுவரும் நோ கிளெய்ம் போனஸ் முதல் வருஷத்துக்கு 20 சதவிகிதத்தில் தொடங்கி, ஐந்து வருஷத்தில் 50-ஐ எட்டும். முதல் உரிமையாளரின் கையிலேயே எட்டு வருஷமாக இருந்து, ‘ஒரு கீறல்கூட விழுந்ததில்லை’ என்று சொல்லப்படும் காரின் பாலிசியில் இந்த போனஸ் இல்லையென்றால், அண்மையில் ஏதோ ஒரு விபத்துக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று ஊகிக்க இடமுண்டு. இந்த போனஸ் காருக்கு உரியதன்று, மனிதருக்கு உரியது. காரோடு அது உங்களுக்கு வராது.

காரைத் தேர்ந்தெடுக்கும்போது உதிரிப் பாகம் கிடைப்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2017-இன் இறுதியோடு ஷெவர்லே இங்கே விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் ஃபிகோவைத் தயாரித்த ஃபோர்டு 2021-இல் உற்பத்தியைக் கைவிடுவதாக அறிவித்தது. ஒரகடத்தில் தயாரான டட்சன் 2022-இல் நின்றது. இவற்றில் நல்ல கார்களும் உண்டு, விலையும் நயமாக இருக்கிறது. ஆயினும் மாவட்டத் தலைநகரை விட்டு விலகிய ஊரில் இருப்பவர், தம் மெக்கானிக்கைக் கேட்காமல் அவற்றில் இறங்கலாகாது.

இனிக் காகிதங்கள். ஆர்.சி.யிலுள்ள சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் காரில் பொறித்திருப்பதோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். கடன் கொடுத்த வங்கியின் பெயர் ஆர்.சி.யில் இருந்தால், கடன் தீர்ந்தது என்று வாயால் சொல்வது போதாது, வங்கியின் தடையின்மைச் சான்றாகிய என்.ஓ.சி.யும் 35-ஆம் எண் படிவமும் வேண்டும். டி போர்டாக, அதாவது வாடகைக் காராக ஓடி, பின்னால் சொந்த உபயோகத்துக்கான ஓன் போர்டாக மாற்றப்பட்ட காரா, எத்தனையாவது உரிமையாளர், போக்குவரத்து அபராதம் பாக்கி உண்டா என்பவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். கேஸ் கிட் பொருத்தியிருந்தாலோ நிறத்தை மாற்றியிருந்தாலோ அது ஆர்.சி.யில் ஏறியிருக்க வேண்டும். புதுச்சேரியிலோ பெங்களூரிலோ பதிவான கார் மலிவாகத் தோன்றினால், 28-ஆம் எண் படிவத்தில் அங்கிருந்து என்.ஓ.சி. பெறுவதும் இங்கே மறுபடி வரி கட்டுவதும் சேர்ந்ததே அதன் விலை. பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான், அதன்பின் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று காட்டி ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். பதினான்கு வயதுக் காரை வாங்குகிறவர் இதை மறக்கலாகாது.

பணம் கைமாறும் அதே நாளில் 29, 30 எண் படிவங்களில் கையெழுத்தாகி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய்விட வேண்டும். “பேர் மாத்துறதை மெதுவாப் பாத்துக்கலாம்” என்ற பேச்சு இரு தரப்புக்கும் கேடு. விற்றுப் பல கை மாறிய காராயினும், ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளராகக் கருதப்பட்டு விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவார் என்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. ஆதலால் யோக்கியமான விற்பனையாளரே பெயர் மாற்றத்துக்கு அவசரப்படுவார். இன்ஷூரன்ஸைப் புது உரிமையாளர் பெயருக்கு மாற்ற 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.

கார் வீட்டுக்கு வந்ததும், முந்தையவர் எப்போது மாற்றினார் என்று கேட்டுக்கொண்டிராமல், இன்ஜின் ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. பழைய ஆல்டோவின் 796 சி.சி. இன்ஜினிலும் சான்ட்ரோவின் இன்ஜினிலும் டைமிங்குக்கு ரப்பர் பெல்ட் இருக்கிறது. ஆல்டோ கே10 வகையிலும் ஐ10-இன் 1.2 லிட்டர் இன்ஜினிலும் இரும்புச் செயின். செயின் உள்ள இன்ஜினில், குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது கலகலவென்ற ஓசை வராவிட்டால் அதைத் தொட வேண்டியதில்லை. பெல்ட்டோ முன்னறிவிப்பின்றி அறுவது; அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துபோகும். அதை மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, கூலி இரட்டிப்பாகாமல் இருக்க வாட்டர் பம்பையும் டென்ஷனரையும் அதே சமயத்தில் சேர்த்து மாற்றச் சொல்ல வேண்டும்.